வீடு கட்டமுன் ஒரு கணக்கு

மீள்குடியேறிய கிராமங்களுக்குப் போகும்போது எமது கண்ணில் முதலில் படுபவை கூரையில்லாத வீடுகளே. அத்திவாரம் அகலமாகவும் உறுதியாகவும் இருக்கும். சுவர்கள் யன்னல் மட்டம்வரை, சில இடங்களில் வளைமட்டம்வரை எழும்பி நிற்கும். உள்ளே எருக்கலையும் ஆமணக்கும் முளைத்திருக்கும். பக்கத்திலே தகரமும் தறப்பாளும் கொண்டு அடித்த கொட்டிலில் வீட்டுக்காரர் குடியிருப்பார்கள். இவர்கள் வீட்டுத்திட்டம் கிடைக்காதவர்கள் அல்லர். கிடைத்தவர்கள். கிடைத்த பணத்தையும், அதற்குமேல் நகையையும், சிலவேளை அடுத்த போகத்துக்கென்று வைத்திருந்த விதைக்காசையும் அந்தச் சுவரிலே போட்டவர்கள்.

ஏன் இப்படி நின்றுவிட்டது என்று கேட்டால், "சாமான் விலை ஏறிப்போச்சு, சுவாமி" என்பதே பதில். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. விலை எப்படி ஏறுகிறது என்பதையும், ஏறும் விலைக்குள் ஒரு விவசாயக் குடும்பம் தன் வீட்டை எப்படி அளவிடலாம் என்பதையும் இங்கே விளக்க முயல்கிறோம். இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கே இது கூடுதலாகப் பயன்படும்.

விலை எங்கிருந்து ஏறுகிறது?

முதலில் சீமெந்தை எடுத்துக்கொள்வோம். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றுபோனது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறியதும் அதே ஆண்டில்தான். இன்று நாம் வாங்கும் சீமெந்தின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குவது. அல்லது கிளிங்கர் எனப்படும் சுட்ட கட்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே அரைத்துப் பையில் அடைப்பது. கம்பியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. இங்கே உருட்டினாலும் இரும்பில் பெரும்பங்கு கப்பலில்தான் வருகிறது. ஆகவே டொலர் ஏறினால் எமது வளவில் எழும்பும் சுவரின் விலையும் ஏறும்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்குப் போயிற்று. 2021 நடுப்பகுதியில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்து மூடை, 2022 நடுப்பகுதியில் மூவாயிரம் ரூபாவைத் தொட்டது. பிற்பாடு டொலர் 300 ரூபாவை அண்டி இறங்கியது. சீமெந்தும் இறங்கியது. ஆனால் பழைய ஆயிரத்துக்குத் திரும்பவில்லை. இதற்கிடையில் பெறுமதி சேர் வரி 2022 நடுப்பகுதிவரை 8 வீதமாக இருந்தது, படிப்படியாக உயர்ந்து 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. ஒரு சிறு வீட்டுக்கு 150 மூடை சீமெந்து முடியும் என்று வைத்துக்கொள்வோம். மூடை ஆயிரமாக இருந்தபோது அதற்கு ஒன்றரை இலட்சம். மூவாயிரமானபோது நாலரை இலட்சம். வீடு ஓர் அங்குலமும் பெருக்கவில்லை. செலவு மாத்திரம் மூன்று மடங்காயிற்று.

"மணல் எங்கள் ஆற்றில்தானே கிடக்குது, அதுக்கு ஏன் டொலர்?" என்று ஒரு விவசாயி எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆற்றிலே மணலின் விலை மிகக் குறைவு. வளவிலே வந்து கொட்டும்போது அது வேறு விலை. இடையில் டிப்பர்க் கூலி இருக்கிறது, ஏற்றிறக்கும் கூலி இருக்கிறது, அனுமதிப்பத்திரச் செலவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக டீசல் இருக்கிறது. 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 யூன் இறுதியில் 460 ரூபாவானது. அனுமதியில்லாமல் அள்ளும் மணல் மலிவு என்று சிலர் சொல்வார்கள். அந்த மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் தோட்டக் கிணறு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

மூன்றாவது, வேலையாள். 2022ஆம் ஆண்டு மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக வெளிநாடு சென்றனர். அவர்களுள் மேசன்மாரும் ஓடாவிமாரும் இருந்தனர். எஞ்சியவர்களின் நாட்கூலி உயர்ந்ததில் ஆச்சரியமில்லை. அவர்களும் அதே விலைக்குத்தானே அரிசி வாங்கவேண்டும்.

இன்னொரு காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டினால் விலை ஏறும். 2012இன் பின் இந்திய வீட்டுத்திட்டம் வன்னியிலும் குடாநாட்டிலும் கிழக்கிலும் நடைபெற்றபோது பல்லாயிரம் குடும்பங்கள் ஒரேயடியாகக் கல்லும் மணலும் மேசனும் தேடின. டொலர் அசையாத காலத்திலேயே கல்லின் விலை அசைந்தது. உதவி கொடுப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

உதவித்தொகை ஏன் போதாமற் போகிறது?

வீடு வளர்ந்தாலும் உதவித்தொகை வளர்வதில்லை. வடகிழக்கு வீடமைப்பு மீள்கட்டுமானத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 250,000 ரூபா கொடுத்தார்கள். பின்னர் 325,000 ஆக்கினார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்குக் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா. 2016இல் மீள்குடியேற்ற அமைச்சின் கல்வீட்டுக்கு 800,000 ரூபா. அதே காலத்தில், ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா பெறுமதியான இரும்புப் பொருத்து வீடுகள் 65,000 தருவதாக ஒரு யோசனை வந்தது. அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று எமது மக்கள் கேட்டார்கள். கேட்டது சரி என்றே நாமும் நினைத்தோம்.

இத்தொகைகள் யாவும் திட்டம் எழுதிய நாளின் விலையில் நிர்ணயிக்கப்பட்டவை. வீடோ மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் கட்டப்படுகிறது. பணமும் தவணை தவணையாகவே வருகிறது. அத்திவாரம் முடிந்ததை அதிகாரி பார்த்தபின் ஒரு தவணை, சுவர் முடிந்தபின் இன்னொன்று. முதல் தவணையில் விலை ஏறி நீங்கள் கடன்பட்டால், இரண்டாம் தவணை வரும்போது அது கடனுக்கே போய்விடுகிறது. கூரைக்கு வந்த காசு சுவருக்கு முடிந்துவிடுகிறது. அரசு மாறினாலும் தவணை நிற்கலாம். 2019 இறுதியில் ஆட்சி மாறியபின் அவ்வாறு இடைநடுவில் விடப்பட்ட அரசாங்க வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் பலவுண்டு.

நாம் நன்கு அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையத்திலும் உறவினர் வளவுகளிலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, 2016இல் சொந்தச் செம்மண்ணுக்குத் திரும்பியவர்கள். பழைய வீட்டின் சுவடுகூட இல்லை. கிணறு மாத்திரம் தூர்ந்து கிடந்தது. 800,000 ரூபா வீடு கிடைத்தது. திட்டத்தின் படம் 550 சதுர அடி. ஆனால் அவர்கள் போட்ட அத்திவாரம் 900 சதுர அடி. ஏன் என்று கேட்டோம். தாய் சொன்னார்: "எங்களுக்கெண்டால் ஒரு அறை காணும். நாளைக்கு இந்த வீடுதானே மகளுக்குச் சீதனம். ரெண்டு அறை வீட்டை ஆர் ஏற்கிறது?"

இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது. எமது சமூகத்தில் வீடு என்பது மழைக்கு ஒதுங்கும் இடம் மாத்திரமல்ல. பெண்பிள்ளையின் எதிர்காலமும் அதற்குள் இருக்கிறது. கால் நூற்றாண்டு அடுத்தவர் வளவில் வாழ்ந்தவர்கள் சற்று அகலமாகக் கால் நீட்ட ஆசைப்படுவதும் இயல்புதான். ஆனால் அத்திவாரத்துக்கு மேலதிகமாகப் போன கல்லும் சீமெந்தும் அதோடு நிற்கவில்லை. அகன்ற அத்திவாரத்துக்கு நீண்ட சுவர் வேண்டும், நீண்ட சுவருக்குப் பெரிய கூரை வேண்டும். சுவர் யன்னலுக்கு மேல் வந்தபோது உதவித்தொகை முடிந்தது. தாயின் சங்கிலியும் காப்பும் அடகுக்குப் போயின. தந்தை வெங்காயச் செய்கைக்கு வைத்திருந்த காசை எடுத்தார். அந்த ஆண்டு நாலு பரப்பு நடவேண்டிய இடத்தில் ஒன்றரைப் பரப்பே நட்டார். நட்டது குறைந்ததால் நகை மீட்கவில்லை. நகை மீளாததால் அடுத்த போகத்துக்கும் முதலில்லை. பிறகு 2022 வந்தது. உரமில்லை, டீசல் இல்லை, சீமெந்தை நினைக்கவே முடியவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு வீடு முடியாததல்ல. மூன்று போகங்கள் தோட்டம் சரியாகச் செய்யமுடியாமற் போனதே. வீடு பொறுத்திருக்கும். பருவம் பொறுத்திருக்காது.

கூரையிலிருந்து கணக்கிடுங்கள்

வழக்கமாக நாம் கையிலுள்ள பணத்தோடு நிலத்தில் கயிறு கட்டத் தொடங்குகிறோம். இதை மாற்றிச் செய்யுங்கள். முதலில் கூரையைக் கணக்கிடுங்கள். நீங்கள் விரும்பும் அளவு வீட்டுக்கு எத்தனை ஓடு அல்லது சீற்று, எவ்வளவு மரம், எவ்வளவு ஆணி, ஓடாவிக்கு எத்தனை நாட்கூலி என்று இன்றைய விலையில் எழுதுங்கள். அடுத்து கதவு, யன்னல், நிலை. அடுத்து மலசலகூடம், இதைக் கடைசிக்குத் தள்ளிவைத்துப் பின் கட்டாமலே விட்டவர்கள் பலர். இவற்றைக் கூட்டி, விலையேற்றத்துக்கென நூற்றுக்குப் பதினைந்து அல்லது இருபது சேர்த்து, மொத்தப் பணத்திலிருந்து கழியுங்கள். எஞ்சியதுதான் அத்திவாரத்துக்கும் சுவருக்கும். அந்தப் பணத்தில் எத்தனை அடி சுவர் எழும்புமோ அத்தனை அடிக்கே கயிறு கட்டவேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் படத்தைச் சிறிதாக்குங்கள். கடதாசியில் ஒரு சுவரை அழிக்க அழிறப்பர் போதும்.

சிறு வீடு என்றால் என்றைக்கும் சிறு வீடாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஓர் அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை என்று முதலில் முடித்துக் கூரை போட்டுக் குடிபுகுங்கள். எந்தப் பக்கம் பின்னர் நீட்டப்போகிறீர்கள் என்பதை அன்றே தீர்மானித்து, அந்தப் பக்கச் சுவர் முனையில் கற்களை ஒன்றுவிட்டொன்று வெளியே நீட்டி விடச்சொல்லுங்கள். பின் சேர்க்கும் சுவர் அதனுள் பிடித்துக்கொள்ளும். தூண் கம்பியை மேலே நீட்டி விடுவதானால் சீமெந்துப் பால் தடவி மூடிவிடுங்கள். மழையில் விட்ட கம்பி துருப்பிடித்து நாளைக்கு உதவாது. கூரையை இரண்டு பக்கச் சாய்வாக மாத்திரம் போட்டால் மரமும் ஓடும் மிச்சம். பல திசைக்குச் சாய்த்து மடிப்புகள் வைத்த கூரை அழகுதான். ஆனால் மடிப்புகளில் ஓடு வெட்டிச் சேதமாகும், ஒழுக்கும் அங்கேதான் தொடங்கும்.

மரத்துக்குப் பனையை மறக்கவேண்டாம். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காப்பரண்களுக்கும் எத்தனையோ பனைகள் விழுந்தன. எஞ்சியவற்றை அனுமதியின்றித் தறிக்கமுடியாது. அனுமதி பெற்று, முற்றி வைரம் பாய்ந்த பனையாகத் தெரிந்தெடுத்தால் தீராந்தியும் சலாகையும் தலைமுறைக்கு நிற்கும். தறித்த ஒரு பனைக்கு ஐந்து வடலியாவது வளர்த்துவிடுங்கள்.

விலை ஏறும் காலத்தில் எதை முன்கூட்டி வாங்குவது? கெடாத பொருட்களை. கல், சல்லி, மணல், ஓடு, மரம் ஆகியவற்றைக் காசு கிடைக்கும்போது சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். கம்பியை நனையாமல் வைத்தால் அதையும் சேர்க்கலாம். சீமெந்தை மாத்திரம் சேர்க்கவேண்டாம். விலை ஏறுமென்று பயந்து ஐம்பது மூடை வாங்கிக் கொட்டிலில் அடுக்கிய ஒருவர், மாரி கழிந்து பார்த்தபோது பாதி கட்டிபட்டிருந்தது. சீமெந்து ஈரக்காற்றைக் குடித்தே பலமிழக்கும். மூன்று மாதம் கிடந்தால் கட்டிபடாவிட்டாலும் பலம் குறைந்துவிடும். அந்தந்தக் கிழமைக்கு வேண்டியதை வாங்கி, நிலத்தில் படாமல் பலகையின் மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள்.

கல்லை வளவிலேயே அரிந்துகொண்டால் ஏற்றுகூலி மிச்சம். பொருத்தமான மண் உள்ள இடங்களில் மண்ணோடு சிறிதளவு சீமெந்து சேர்த்து இயந்திரத்தால் அழுத்திய கற்களும் நல்லவை. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், மணலும் குறைவு. களி கூடிய மண் இதற்கு உதவாது; வெடிக்கும். எந்தக் கல்லானாலும் அரிந்தபின் நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தவேண்டும். கொங்கிறீற்றுக்கும் ஏழு நாளாவது ஈரம் காயக்கூடாது. மலிவாகக் கிடைக்கும் பலம் இது ஒன்றுதான். இதற்குக் காசு வேண்டாம், காலையும் மாலையும் ஒருவர் வாளியோடு நிற்கவேண்டும். கோடையில் கட்டும்போது கிணறு வற்றும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். குழைக்கும்போது மேசன் தண்ணீரைக் கூட்டச் சொன்னால் விடவேண்டாம். இளகிய கலவை கைக்கு இலகு, சுவருக்குக் கேடு.

அத்திவாரம் வெட்டுதல், மண் நிரப்புதல், கல் சுமத்தல் போன்றவற்றைக் குடும்பத்தாரும் அயலாரும் கைமாற்றாகச் செய்யலாம். நாற்று நடுகைக்கும் அரிவி வெட்டுக்கும் நாம் செய்துவந்ததுதானே. அயலில் ஐந்தாறு குடும்பங்கள் ஒரே நேரத்தில் கட்டினால் ஓட்டையும் கம்பியையும் ஒன்றாகக் கேட்டு விலை பேசலாம். தனியாளுக்குக் குறைக்காத கடைக்காரர் ஆறு வீட்டுக்குக் குறைப்பார்.

கடனும் காணியும்

கடன் எடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எந்தக் கடன் என்பதே கேள்வி. தோட்டத்துக்கு எடுக்கும் கடனைத் தோட்டம் திருப்பிக்கொடுக்கும். சுவருக்கு எடுக்கும் கடனைச் சுவர் திருப்பிக்கொடுக்காது. வாசலுக்கு வரும் கிழமைக் கடனைப் பாருங்கள். ஓர் இலட்சம் தந்து, கிழமைக்கு 2,500 ரூபாவாக 52 கிழமை கட்டச்சொன்னால், மொத்தம் 130,000. "நூற்றுக்கு முப்பதுதானே" என்பார்கள். அப்படியல்ல. ஒவ்வொரு கிழமையும் முதல் குறைந்துகொண்டு போகிறது. ஆண்டு முழுவதும் உங்கள் கையில் ஓர் இலட்சம் இருக்கவில்லை, சராசரியாக அதன் பாதியளவே இருந்தது. உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டுகிறது. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது, இப்படிப்பட்ட கடன்களில் எத்தனையோ குடும்பங்கள் அமிழ்ந்ததனால்தான். கையொப்பம் வைக்கமுன் மாதத் தவணை எவ்வளவு என்று மாத்திரம் கேளாமல், மொத்தமாக எவ்வளவு கட்டி முடிக்கவேண்டும் என்று கேளுங்கள். கூரைக்கு ஒரு இலட்சம் குறைகிறதென்றால், ஒரு போகம் பொறுத்து வெங்காயக் காசில் போடுவது இந்தக் கடனைவிட மேல். அதுவரை சுவரின் மேற்பக்கத்தைக் கலவையால் மூடிவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காது.

சொந்தக் காணியில்லாமல் வாங்கிக் கட்டவேண்டியவர்களுக்கு இன்னும் கடினம். குடாநாட்டில் வெளிநாட்டுக் காசு வந்து தெருக்கரைக் காணியின் விலையைத் தூக்கிவிட்டது. அதனோடு ஒரு விவசாயி போட்டிபோட முடியாது. நூறு யார் உள்ளே போனால் விலை இறங்கும். ஆனால் அங்கே டிப்பர் வருமா, பாதை உறுதியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பரப்பு என்றால் எந்தப் பரப்பு என்றும் கேளுங்கள். தோட்டக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். வயல் கணக்கில் 24 பரப்பு ஓர் ஏக்கர். வன்னியில் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. அவற்றை வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவது வாங்குவதாகாது; நீங்கள் வீடு கட்டினாலும் காணி மற்றவர் பெயரில்தான் இருக்கும். யாழ்ப்பாணத்து உறுதிக் காணியானால் பங்காளிகளுக்கு முதல் வாங்கும் உரிமை தேசவழமையில் உண்டு என்பதை மறக்கவேண்டாம். காணிப் பதிவகத்தில் தேடுவித்துப் பார்த்தபின் மாத்திரம் முற்பணம் கொடுங்கள்.

மேலே சொன்ன குடும்பம் 2024 கோடையில் எம்மோடு இருந்து கணக்குப் பார்த்தது. 900 சதுர அடியில் குசினிப் பக்கத்து இரண்டு அறைகளை மாத்திரம் பிரித்தெடுத்து, நடுச்சுவரை வளைமட்டத்துக்கு உயர்த்தி, அதன்மேல் இரண்டு பக்கச் சாய்வாக ஓடு போட்டார்கள். கடன் எடுக்கவில்லை, இரண்டு போக வெங்காயமும் மகளின் தையற் காசும் போயின. மீதி அத்திவாரம் வெளியே கிடக்கிறது. அதன் சீமெந்து நிலத்தில் இப்போது வெங்காயம் காயப்போடுகிறார்கள். மகளுக்கு வீட்டை எழுதிவைக்கும் பேச்சும் நடக்கிறது.

இந்த ஆண்டு கயிறு கட்ட இருப்பவர்கள் இன்னுமொன்றைக் கவனியுங்கள். கடைக்காரரிடம் விலை எழுதி வாங்கும் துண்டில் திகதி போடுவித்து, ஒரு கொப்பியில் ஒட்டிவையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழைய துண்டானால் அதை நம்பி அத்திவாரம் வெட்டவேண்டாம். திரும்பப் போய் விலை கேளுங்கள். தவணைப் பணத்துக்காக அதிகாரி பார்க்க வரும்போதும் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள்.